டீ சொல்லியிருக்கேன்!

ஒரு சின்ன டெஸ்ட். பேனா, பேப்பர் எதுவும் வேண்டாம்.

நீங்க ஒரு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்கீங்க. உங்க ஃப்ரெண்ட் மாஸ்டர்கிட்ட போயிட்டு வந்து, ‘மச்சி, டீ சொல்லியிருக்கேன்’ங்கிறான். என்ன பண்ணுவீங்க? பெஞ்சுல கிடக்கிற பேப்பர்ல ஒரு பக்கத்தை உருவி நிம்மதியா சினிமா நியூஸ் படிப்பீங்க. டீ வந்துடும்னு உங்களுக்குத் தெரியும்.

அதே ஃப்ரெண்ட், ‘மச்சி, டீ சொன்னேன்’னு சொன்னா? ஏதோ இடிக்குதுல்ல? சொன்னே, சரி, அப்புறம் என்னாச்சு? மாஸ்டர் மறந்துட்டாரா, பால் தீர்ந்துடுச்சான்னு மனசு அடுத்த வரிக்குக் காத்திருக்கும்.

ரெண்டு தடவையும் அவன் செஞ்சது ஒரே வேலைதான். ஆனா முதல் வாக்கியத்துல டீ இன்னும் நடப்புல இருக்கு. ரெண்டாவதுல அது பழைய கதை. இந்த வித்தியாசத்தை உங்களுக்கு யாரும் போர்டுல எழுதிச் சொல்லித் தரலை. டவுசர் போட்ட வயசுலேர்ந்தே தெரியும்.

இங்கிலீஷ்ல இதுக்கு ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ்’னு பேர் வெச்சிருக்காங்க. பேரைக் கேட்டதும் நம்மில் பாதிப் பேருக்கு ஜுரம் வரும். எனக்கும் வந்தது. அந்த ஜுரத்தால 2006-ல எங்க அப்பாவைப் பார்க்க மூணு நாள் லேட்டாப் போனேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுநடுவுல கிராமர் வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல எங்க அப்பாவுக்கு டீக்கடை. ப்ளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். ஸ்கூல்ல டென்ஸுன்னா ஒரு கட்டம். மேலேர்ந்து கீழ பிரசன்ட், பாஸ்ட், ஃபியூச்சர். இடமிருந்து வலமா சிம்பிள், கன்டின்யூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டின்யூவஸ். மூணு நாலு பன்னிரண்டு. பன்னிரண்டு கட்டத்துலயும் ஒரே ஒரு வினைச்சொல்லைப் போட்டு நிரப்பணும். எங்க வாத்தியாருக்குப் பிடிச்ச சொல் ‘ரைட்’. ஐ ரைட் எ லெட்டர், ஐ ஆம் ரைட்டிங் எ லெட்டர், ஐ ஹேவ் ரிட்டன் எ லெட்டர்... ஒரு வருஷம் முழுக்க ஒரே லெட்டரை எழுதினோம். யாருக்கு எழுதினோம், என்ன விஷயம்னு கடைசி வரைக்கும் தெரியலை.

கட்டத்தை நான் தலைகீழா ஒப்பிப்பேன். கோ, வெண்ட், கான். ஈட், ஏட், ஈட்டன். பரீட்சையில பத்துக்குப் பத்து. ஆனா வாயைத் திறந்து பேசும்போது பன்னிரண்டுல எந்தக் கட்டத்துக்குள்ள கையை விடணும்கிறதை அந்தக் கட்டம் சொல்லலை.

2005-ல இன்ஜினீயரிங் முடிச்சு, சென்னையில ஒரு கம்பெனியில சேர்ந்தேன். ரெண்டு மாசம் கழிச்சு இங்கிலீஷ் டிரெயினிங் போட்டாங்க. நாற்பது பேர். ஒவ்வொருத்தரா எழுந்து செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன். நான் முந்தின நாள் ராத்திரியே மேன்ஷன் மொட்டை மாடியில நடந்து நடந்து மனப்பாடம் பண்ணியிருந்தேன்.

‘ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர். மை ஃபாதர் இஸ் ரன்னிங் எ டீ ஷாப். ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.ஈ. இன் 2005. ஐ ஆம் இன் சென்னை சின்ஸ் டூ மன்த்ஸ்.’

நாலு வாக்கியம். நாலுலயும் தப்பு. டிரெயினர் மேடம் நாலையும் சிவப்பு மார்க்கர்ல போர்டுல எழுதினாங்க. அப்புறம் ரெண்டாவது வாக்கியத்தைத் தட்டிக் காட்டி, ‘டில் வென்?’னு கேட்டாங்க. எது வரைக்கும் நடத்துவார்? கிளாஸ் மொத்தமும் சிரிச்சுது.

அவங்க கெட்டவங்க இல்லை. கேள்வியும் நியாயமான கேள்விதான்னு இப்போ புரியுது. ‘இஸ் ரன்னிங்’னு சொன்னா, இப்போதைக்கு நடத்துறார், நாளைக்கு வேற மாதிரி ஆகலாம்னு ஒரு வாடை வரும். நான் பிறக்கிறதுக்கு முன்னாடிலேர்ந்து தினம் காலையில நாலு மணிக்குக் கடை திறக்கிற மனுஷனுக்கு அது பொருந்தாது. ‘ரன்ஸ்’னு ஒரு எஸ்ஸைச் சேர்த்தா போதும். தினமும் நடக்கிறது, வழக்கமா நடக்கிறது, என்னிக்கும் உள்ளது எல்லாம் அந்த எஸ்ஸுக்குள்ள அடங்கிடும்.

ஆனா அன்னைக்கு எனக்குக் கேட்டது சிரிப்பு மட்டும்தான். அப்பாவோட கடையைப் பத்திச் சிரிக்கிற மாதிரி இருந்தது.

(நாம மட்டும் இல்லைங்க. இந்த ‘இங்’ வியாதி நாடு முழுக்க உண்டு. மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேல், மிஸ் புஷ்பாங்கிற பெண்ணுக்கு வழியனுப்பு விழா நடக்கிறதா ஒரு கவிதையே எழுதியிருக்கார். அதுல மேடையில பேசுறவர் எடுத்ததுக்கெல்லாம் இங் போட்டுப் பேசுவார். தேடிப் படிச்சுப் பாருங்க. முதல்ல சிரிப்பு வரும். அப்புறம் நம்ம மாமா ஞாபகம் வருவார்.)

அந்த கிளாஸுக்கு அப்புறம் நான் ஒரு முடிவெடுத்தேன். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ பக்கமே போறதில்லை. எல்லாத்தையும் பாஸ்ட் டென்ஸ்ல சொல்லிட்டா வம்பே இல்லை பாருங்க. வெண்ட், கேம், டிட், வாஸ். தப்புன்னு ஒருத்தரும் விரல் நீட்ட முடியாது. ஆறு மாசம் அப்படியே ஓட்டினேன். நீங்களும் இப்படி ஏதாவது ஒரு சந்துல ஒளிஞ்சுக்கிட்டு இருக்கலாம். சில பேர் ‘ஐ ஆம்’ல ஒளிவாங்க, சில பேர் ‘ஒய் பிகாஸ்’ல ஒளிவாங்க. எனக்கு ‘வாஸ்’.

2006-ல ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அம்மா போன்.

‘ஐயா, அப்பாவுக்கு நேத்து ராத்திரி ஒரு பக்கமா இழுத்துருச்சு. திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில சேர்த்திருக்கோம். நீ பதறாத. லீவு கிடைச்சா வா.’

எங்க டீம் லீடர் புனே ஆபீஸ்ல இருந்தார். அவர்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும். போன்ல பேசப் பயம். மெயில் அனுப்பலாம்னு உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்துலயே கை நின்னுடுச்சு. ‘மை ஃபாதர் ஹேஸ் அட்மிட்டட்’டா, ‘ஹேஸ் பீன் அட்மிட்டட்’டா, ‘ஹேட் பீன்’னா? ஒரு வினைச்சொல்லுக்கு முன்னாடி ரெண்டு பேர் காவல் நிக்கிறாங்க. தப்பாப் போட்டா புனேயிலயும் போர்டுல எழுதிடுவாங்களோன்னு ஒரு நினைப்பு. அப்பா படுத்திருக்கும்போது இதைத்தான் யோசிச்சேன். வெட்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை.

பழைய சந்துக்குள்ள புகுந்துட்டேன். ‘மை ஃபாதர் வாஸ் அட்மிட்டட் இன் ஹாஸ்பிட்டல். ஐ நீட் லீவ் ஃபார் ஃபோர் டேஸ்.’

பத்து நிமிஷத்துல பதில் வந்தது. மரியாதையான பதில். கேட்டு வருத்தப்படுகிறேன், இப்போது வீட்டுக்குத் திரும்பி நலமாக இருப்பார் என்று நம்புகிறேன், வெள்ளிக்கிழமை ரிலீஸ் இருக்கிறது, அது முடிந்ததும் லீவ் எடுத்துக்கொள்ள முடியுமா? இதான் சாரம்.

வீட்டுக்குத் திரும்பி? எப்போ திரும்பினார்? எனக்கு ஒண்ணும் புரியலை. அப்பாவைப் பத்தின என் கவலையை அவர் லேசா எடுத்துக்கிட்டார்னு கோபம்தான் வந்தது. கோபத்தை இங்கிலீஷ்ல சொல்ல அதைவிடப் பயம். ‘ஓகே சார்’னு ரெண்டே வார்த்தை அடிச்சு அனுப்பினேன். புரொபேஷன்ல இருந்தவன், வேற என்ன சொல்ல?

வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்பேட்டுல பஸ் ஏறினேன். அப்போ தெற்கத்தி பஸ் எல்லாம் அங்கிருந்துதான். சனிக்கிழமை காலையில வார்டுக்குள்ள நுழையும்போது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா அவர் தோளைத் தொட்டு, ‘இங்க பாருங்க, யாரு வந்திருக்கான்னு பாருங்க’ன்னாங்க. அவர் திரும்ப ரொம்ப நேரம் ஆச்சு. இடது கை கூட வரலை. வலது கையைத் தூக்கி என் முழங்கையைப் பிடிச்சார். ஏதோ சொன்னார். குழறலா இருந்தது. எனக்குப் புரியலை, அம்மாவுக்குப் புரிஞ்சுது. ‘சாப்பிட்டியான்னு கேக்காரு.’

முதல் மூணு நாள் அம்மாவும் தங்கச்சியும் மட்டும். ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் பத்தாம தங்கச்சியே ஒரு பக்கம் பிடிச்சுத் தள்ளியிருக்கா. ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு.

அன்னைக்குச் சாயங்காலம் வார்டுக்கு வெளியில சிமென்ட் பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். ‘புதன்கிழமையே வந்துருவேன்னு அம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாண்ணே’ன்னா. நான் எங்க டீம் லீடரைத் திட்டினேன். மனுஷத்தன்மையே இல்லாத ஆள், நான் இப்படி மெயில் போட்டேன், அவர் அப்படிப் பதில் போட்டார்னு சொன்னேன். அவ கேட்டுட்டு, ரொம்பச் சாதாரணமாக் கேட்டா:

‘அம்மா சேர்த்திருக்கோம்னுதான சொன்னா. நீ ஏன் சேர்த்தோம்னு எழுதுன?’

நான் வாயை மூடிட்டேன்.

யோசிச்சுப் பாருங்க. உங்க ஃப்ரெண்ட் போன் பண்ணி, ‘அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தோம்டா’ன்னா நீங்க என்ன கேட்பீங்க? ‘அப்படியா, எப்போ? இப்போ எப்படி இருக்கார்?’ அதுவே ‘சேர்த்திருக்கோம்டா’ன்னா? ‘எந்த ஆஸ்பத்திரி?’ன்னு கேட்டுக்கிட்டே செருப்பை மாட்டுவீங்க.

அம்மா நாலாம் கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க. அவங்க சரியான டென்ஸ்ல சொன்னாங்க. பி.ஈ. படிச்ச நான் அதை வாங்கி இன்னொருத்தர்கிட்ட குடுக்கும்போது இறந்தகாலமா மாத்திட்டேன்.

இன்னொண்ணு கவனிங்க. ‘மை ஃபாதர் வாஸ் அட்மிட்டட் இன் ஹாஸ்பிட்டல்’ங்கிற வாக்கியத்துல கிராமர் தப்பே கிடையாது. கூடவே ‘லாஸ்ட் நைட், அண்ட் ஹி இஸ் ஸ்டில் தேர்’னு ஒரு வால் சேர்த்திருந்தா பிரச்னையே இல்லை. இன்னைக்கு நம்ம மெயிலைத் திருத்தித் தர ஆப் எல்லாம் வந்தாச்சு. அதுல இந்த வாக்கியத்தைப் போட்டா, பெரும்பாலும் எந்தக் கோடும் விழாது. அப்பா இன்னும் கட்டில்லதான் இருக்காரா, வீட்டுக்கு வந்துட்டாரான்னு எழுதுறவனுக்கு மட்டும்தானே தெரியும்?

டீம் லீடர் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்தான். நானும் பண்ணியிருக்கலாம். அதை விடுங்க.

அந்த சிமென்ட் பெஞ்சுல எனக்கு இன்னொரு விஷயமும் விளங்குச்சு. ‘பிரசன்ட்’ பெர்ஃபெக்ட்னு ஏன் பேர் வெச்சான்? வேலைதான் முடிஞ்சு போச்சே, அப்புறம் என்ன பிரசன்ட்? ஸ்கூல்ல இதைக் கேட்கணும்னு நினைச்சதுண்டு, கேட்டதில்லை. தமிழ்லயே பதில் இருக்கு. ‘சேர்த்திருக்கிறோம்’ங்கிறதைப் பிரிச்சா, சேர்த்து + இருக்கிறோம். சேர்த்தது முடிஞ்ச வேலை. இருக்கிறது இப்போ. 13-ம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூல்ல நிகழ்கால இடைநிலைகள்னு ஆநின்று, கின்று, கிறு மூணையும் சொல்லியிருப்பார். ஒரு மார்க் கேள்விக்கு உருப்போட்டிருப்பீங்க. அந்தக் கிறு, இருக்கிறோமுக்குள்ள ஜம்முனு உட்கார்ந்திருக்கு. ஆக நம்ம கணக்குலயும் வந்திருக்கிறேன், சொல்லியிருக்கிறேன் எல்லாம் நிகழ்காலத்துலதான் முடியுது. இங்கிலீஷ்காரன் ‘ஹேவ்’ங்கிற நிகழ்காலச் சொல்லை முன்னாடி வெக்கிறான். நாம ‘இரு’வைப் பின்னாடி வெக்கிறோம். அவ்வளவுதான்.

மத்த வாக்கியங்களுக்கு வருவோம். ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை பி.ஈ. இன் 2005.’ இதுல என்ன தப்பு? இதையும் டீக்கடையிலயே கேட்போம். ‘அண்ணன் படிச்சிட்டாரா?’ ‘பி.ஈ. முடிச்சிருக்கார்.’ நல்லா இருக்கு. ‘எப்போ?’ ‘2005-ல முடிச்சார்.’ தேதி உள்ள வந்ததும் நம்ம வாயே ‘முடிச்சார்’னு மாறுது பாருங்க. காலண்டர்ல விரல் வெச்சுக் காட்டிட்டா அது முடிஞ்ச நாள். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2005 எதுவா இருந்தாலும் ஹேவ் வெளியில போயிடணும். ‘ஐ கம்ப்ளீட்டட் மை பி.ஈ. இன் 2005.’ (தயவுசெஞ்சு ‘பாஸ்ட் அவுட்’னு சொல்லாதீங்க. நம்ம ஊர்ல புரியும். வெளிநாட்டுக்காரர் நீங்க மயங்கி விழுந்ததா நினைச்சு தண்ணி எடுத்துட்டு வருவார்.)

சரி, தமிழை அப்படியே தூக்கி வெச்சா இங்கிலீஷ் ஆயிடுமா? ஆகாது. இங்கதான் பல பேர் மாட்டிக்கிறோம். என்னோட நாலாவது வாக்கியத்தைப் பாருங்க. ‘ரெண்டு மாசமா சென்னையில இருக்கேன்.’ தமிழ்ல இது சாதா நிகழ்காலம். அதனாலதான் ‘ஐ ஆம்’னு ஆரம்பிச்சேன். ஆனா இங்கிலீஷ்காரனுக்கு, எப்பவோ தொடங்கி இன்னைக்கு வரைக்கும் நீண்டு வர்ற எதுவுமே ஹேவ் கணக்கு. ‘ஐ ஹேவ் பீன் இன் சென்னை ஃபார் டூ மன்த்ஸ்.’ நேத்து ஒரு கால், இன்னைக்கு ஒரு கால். நடுவுல போற பாலத்துக்குப் பேர்தான் ஹேவ்.

சின்ஸா, ஃபாரான்னு குழம்புறவங்களுக்கு நம்மகிட்டயே மருந்து இருக்கு. தமிழ்ல ‘லேர்ந்து’ வந்தா சின்ஸ். ‘ஆ’ வந்தா ஃபார். காலையிலேர்ந்து, திங்கட்கிழமைலேர்ந்து, 2003-லேர்ந்து எல்லாம் சின்ஸ். ரெண்டு மாசமா, மூணு நாளா, ரொம்ப வருஷமா எல்லாம் ஃபார். எனக்கு இது தோணின அன்னைக்கு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பிச் சொல்லலாமான்னு இருந்தது.

இன்னொரு குழி ‘போயிருக்கார்’. ‘அப்பா மதுரைக்குப் போயிருக்கார்’னா என்ன அர்த்தம்? இப்போ மதுரையில இருக்கார்னும் சொல்லலாம், வாழ்க்கையில எப்பவோ ஒரு தடவை போயிட்டு வந்திருக்கார்னும் சொல்லலாம். நாம முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவோம். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் தனித்தனி ரூட். போனவர் இன்னும் திரும்பலைன்னா ‘ஹி ஹேஸ் கான் டு மதுரை’. போயிட்டு வந்தாச்சுன்னா ‘ஹி ஹேஸ் பீன் டு மதுரை’. முகம் தெரியாத மெயில்ல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

காலையில எழுந்து கதவைத் திறக்கிறீங்க, தெரு நனைஞ்சிருக்கு. ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ம்பீங்க. பெஞ்சதை நீங்க பார்க்கலை. ஈரத்தைப் பார்த்துச் சொல்றீங்க. நம்ம ‘இருக்கு’க்கு இப்படித் துப்பறியும் வேலையும் உண்டு. ஹேவுக்கு அந்த வேலை கிடையாது. ராத்திரின்னு சொன்ன பிறகு ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நம்ம ‘சாப்பிட்டியா’. எந்நேரமும் கேட்கிற கேள்வி. அதுல ‘இரு’வே இல்லை, சாதா இறந்தகாலம். ஆனா பிரிட்டிஷ்காரன் இதை ‘ஹேவ் யூ ஈட்டன்?’னு கேட்பான். அமெரிக்காக்காரன் நம்மள மாதிரி, ‘டிட் யூ ஈட்?’னு சொல்லிட்டுப் போயிடுவான். ரெண்டும் சரி. அதுவே நாம ‘சாப்பிட்டிருக்கியா?’ன்னா விஷயம் வேற. ‘கோவில்பட்டி கடலைமிட்டாய் சாப்பிட்டிருக்கியா?’ன்னு கேட்டா, இன்னைக்கு இல்லை, ஜென்மத்துல ஒரு தடவையாவதுன்னு அர்த்தம். ‘ஹேவ் யூ எவர்’னு ஆரம்பிக்கிறவன் அதைத்தான் கேட்கிறான்.

முதல் வாக்கியத்தை மறக்கலை. ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் சிஸ்டர்.’ பாதியில நிறுத்த முடியுற வேலைக்குத்தான் இங் போடணும்னு வெச்சுக்கோங்க. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பாட்டைப் பாதியில நிறுத்தலாம். தங்கச்சியை நிறுத்த முடியுமா? முடிஞ்சா சில நாள் நல்லாத்தான் இருக்கும். தெரியும், புரியும், சொந்தம், வேணும் இதெல்லாம் வேலை இல்லை, நிலைமை. அதனால ‘ஐ நோ’. ‘ஐ ஆம் நோயிங்’ கிடையாது. உடனே, ‘2003-லேர்ந்து மெக்டொனால்ட்ஸ் விளம்பரத்துல லவ்வுக்கே இங் போட்டானே?’ன்னு மடக்குவீங்க. அவன் பர்கர் விக்கிறதுக்காக வேணும்னே விதியை வளைச்சான். நாம இன்டர்வியூவுக்குப் போறோம்.

இதெல்லாம் அந்தப் பெஞ்சுல ஒரே சாயங்காலத்துல வந்த ஞானம் இல்லை. சென்னைக்குத் திரும்பினதும் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு பிளாட்பாரக் கடையில ஒரு பழைய புக் வாங்கினேன். ரேமண்ட் மர்ஃபியோட ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’, நீலக்கலர் அட்டை. 1985-ல முதல் பதிப்பு வந்த புக். இன்னும் புதுப் பதிப்பு போட்டுக்கிட்டே இருக்காங்க. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. நம்ம வீட்டு ரென் அண்ட் மார்ட்டினை நான் குறை சொல்லலை. அது சட்டப் புத்தகம். இது பக்கத்து வீட்டு அண்ணன். எனக்கு முன்னாடி அதை வெச்சிருந்தவர் பென்சில்ல பதில் எழுதி, பாதித் தப்பு விட்டிருந்தார். அதைப் பார்க்கவே தெம்பா இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழ்ல சொல்லிப் பார்ப்பேன். எங்க ஒத்துப்போகுது, எங்க இடிக்குதுன்னு ஓரத்துல குறிப்பேன். இடிக்கிற இடம்தான் படிக்க வேண்டிய இடம். ஒத்துப்போற இடத்துக்கு எதுக்கு மெனக்கெடணும்?

அப்பா வீட்டுக்கு வந்தார். கடையை ஆறு மாசம் மாமா பார்த்துக்கிட்டார். அந்த ஆறு மாசத்துல ஆபீஸ்ல யாராவது கேட்டா, ‘மை அங்கிள் இஸ் ரன்னிங் தி ஷாப்’னு சொல்வேன். வாழ்க்கையில முதல் தடவையா அந்த இங்கை சரியான இடத்துல போட்டேன். தற்காலிகம். டில் வென்னு யாராவது கேட்க மாட்டாங்களான்னு இருக்கும். அப்பாவுக்குக் கை வர்ற வரைக்கும்னு சொல்லலாமே.

கை முழுசா வரலை. ஆனா 2007 பொங்கலுக்கு அப்புறம் கல்லாவுல வந்து உட்கார்ந்தார். டீ ஆத்துறதுக்கு ஆள் போட்டாச்சு. நான் மறுபடி ‘ரன்ஸ்’னு சொல்ல ஆரம்பிச்சேன்.

2023-ல ஒரு நாள். இப்போ நானே ஒரு டீமுக்கு லீட். டீம்ல தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், சேர்ந்து நாலு மாசம் இருக்கும். மீட்டிங்ல வாயே திறக்க மாட்டான். அன்னைக்குக் காலையில அவன்கிட்டேர்ந்து மெயில். ‘மை மதர் வாஸ் அட்மிட்டட் இன் ஹாஸ்பிட்டல். ஐ நீட் த்ரீ டேஸ் லீவ். இஃப் நாட் பாசிபிள், ஐ வில் டேக் ஆஃப்டர் டெலிவரி.’

கிராமர் தப்பு எதுவும் இல்லை. நான் போனை எடுத்தேன்.

‘தம்பி, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தீங்களா, சேர்த்திருக்கீங்களா?’

ரெண்டு செகண்ட் சத்தம் இல்லை. அப்புறம் மெதுவா, ‘சேர்த்திருக்கோம்ணா’ன்னான்.

‘அப்போ ஏன்டா இன்னும் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கே? கிளம்பு.’